எலினெட்டின் மூன்று சக்கரங்கள்

இட்வல் வாசலில் வந்து மூன்று தடவை ஹார்ன் அடிப்பான். மூன்றாவது அடங்குவதற்குள் எலினெட் காரில் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு வருடமாக இதுதான் நடப்பு.

அதற்கு முன் முப்பது வருடம் அவள் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தாள். சுவான்சீ நகரத்தின் கடற்கரைப் பாதையில் நாலு மைல், கடைசியில் ஒரு மேடு. அதன் உச்சியில் மெத்தைத் தொழிற்சாலை. அங்கே அவள் விளிம்பு தைப்பவள். ஐம்பத்திரண்டாவது வயதில் இடது காதின் உள்ளே நோய் வந்தது. நோய் போய்விட்டது, போகும்போது உடம்பின் நிதானத்தையும் பாதி கொண்டுபோய்விட்டது. படி இறங்கச் சுவரைப் பிடிக்க வேண்டும். சைக்கிளில் ஏறிய மறுகணம் புல்லில் கிடந்தாள். கார் ஓட்ட அவள் கற்றதே இல்லை.

பக்கத்து வீட்டு இட்வல் அதே தொழிற்சாலையில் கிடங்குக்காரன், பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன். தானாகவே வந்து, "நான் கூட்டிட்டுப் போறேன், வா" என்றான். பெட்ரோலுக்கு ஒரு காசு வாங்கவில்லை. அதுதான் சங்கடம். வாங்கியிருந்தால் அவளும் திருப்பி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அவனுடைய ரக்பி அணி தோற்றால் திங்கட்கிழமை வண்டிக்குள் மூச்சுவிடக்கூடப் பயம். ஜெயித்தாலோ வாய் ஓயாது. வேலை முடிந்ததும் அவன் வாசல் காவலரோடு கதையளந்துவிட்டு வரும்வரை அவள் மழையில் காரருகே நிற்பாள். "நான் இல்லேன்னா உன் கதி என்ன, எலினெட்?" என்பான் தினமும், சிரித்துக்கொண்டே.

பிப்ரவரியில் உணவுக்கூடச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். வேலைக்கு சைக்கிளில் வர விரும்புகிறவர்களுக்கு நிர்வாகமே சைக்கிள் வாங்கித் தரும். விலையைப் பன்னிரண்டு மாதச் சம்பளத்தில், வரி பிடிப்பதற்கு முன்பாகவே கழித்துக்கொள்ளும். அந்தத் தொகைக்கு வரி கிடையாது. எலினெட் டீ ஆறும்வரை நின்று படித்தாள். அந்தச் சனிக்கிழமையே திட்டத்தில் சேர்ந்திருந்த ஒரு சைக்கிள் கடைக்குப் போனாள்.

கடைக்காரி கேரிஸ் அவள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, உள்ளேயிருந்து ஒரு முச்சக்கர சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பச்சை நிறம், பின்னால் இரண்டு சக்கரம், நடுவில் பெரிய கூடை.

"ஏறி உட்காருங்க. இது சாயாது."

சாயவில்லை. கடைக்குப் பின்னாலிருந்த சந்தில் இரண்டு சுற்று வந்தபோது, தான் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை என்பது எலினெட்டுக்கு உறைத்தது. இறங்க மனம் வரவில்லை.

விண்ணப்பத்தைப் பார்த்ததும் பணியாளர் அலுவலகத்துப் பெய்னன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பொல்லாதவர் அல்ல, படிவத்துக்கு வெளியே எதைக் கண்டாலும் மிரள்கிறவர்.

"இது சைக்கிளுக்கான திட்டம்ங்க. நீங்க எழுதியிருக்கிறது மூணு சக்கரம்."

"அதுவும் சைக்கிள்தாங்க, சார்."

"சைக்கிள்னா ரெண்டு சக்கரம். ஊர்ல யாரை வேணா கேளுங்க. உங்க உடம்புக்கு இதெல்லாம் எதுக்கு? பஸ்ல வரலாமே?"

"காலை ஷிஃப்ட் ஆறரைக்கு. முதல் பஸ் ஆறே முக்காலுக்கு. நீங்க பஸ்ஸை முன்னாடி வரச் சொல்லுங்க, நான் இதைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

பெய்னன் கிழிக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. அன்று மாலை காரில் இட்வல் விழுந்து விழுந்து சிரித்தான். "மூணு சக்கரமா? ஐஸ்கிரீம் விக்கப் போறியா?"

"விப்பேன். உனக்கு மட்டும் ரெண்டு மடங்கு விலை."

வாய் அப்படிச் சொன்னாலும் வீட்டுக்குப் போய்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கேரிஸுக்குப் போன் செய்தாள். "சைக்கிள்னா என்னன்னு சாலைச் சட்டத்துலயே இருக்கு, பாருங்க" என்றாள் கேரிஸ். மறு சனிக்கிழமை எலினெட் நூலகத்தில் உட்கார்ந்து அந்தப் பிரிவைத் தேடியெடுத்து அச்செடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை இடைவேளையில் பெய்னனின் மேசைக்கு முன் நின்று உரக்கப் படித்தாள். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சைக்கிள் என்றால் இருசக்கர மிதிவண்டி, முச்சக்கர மிதிவண்டி, அல்லது நான்கோ அதற்கு மேலோ சக்கரங்கள் உள்ள மிதிவண்டி." காகிதத்தை மேசையில் வைத்தாள். "நாலு சக்கரம் கேட்டாலும் நீங்க தரணும் சார். நான் மூணோட நிறுத்திக்கிட்டேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெய்னன் அந்த வரியை இரண்டு தடவை படித்தார், திட்டத்தின் விதிகளைப் புரட்டினார், கடைசியில் தானும் சிரித்துவிட்டார். "தெரியாமப் போச்சுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் முதல் வாரம் வண்டி வந்தது. அதில் வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாளே எலினெட் இட்வலிடம் சொல்லிவிட்டாள்: "நாளைக்கு ஹார்ன் அடிக்க வேணாம். இத்தனை நாள் கூட்டிட்டுப் போனதுக்கு ரொம்ப நன்றி. மனசார சொல்றேன்."

"அந்த மேட்டுல பாதியில நிப்பே. நான் வந்து ஏத்திக்கறேன், இரு."

மறுநாள் காலை கடற்கரைப் பாதையில் காற்று எதிரே வந்தது. பழக்கமான அந்த உப்புக் காற்று முகத்தில் அறைந்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. மேட்டடியில் மிக லேசான கியருக்கு மாற்றி மிதித்தாள். தொடை எரிந்தது. பாதியில் நின்றேவிட்டாள், இட்வல் சொன்னபடியே. ஆனால் விழவில்லை. இரண்டு சக்கரத்தில் வேகம் குறைந்தால் கவிழ வேண்டியதுதான். இதில் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் போகலாம், நட்ட நடு மேட்டில் பிரேக்கைப் பூட்டிவிட்டு நாற்காலியில்போல உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். வாங்கினாள். கீழே கடல் முழுதாகத் தெரிந்தது.

இட்வலின் கார் பக்கத்தில் வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. "நான் சொல்லல? ஏறு, வா."

"காட்சி பாக்கறேன்பா. நீ போ, நேரமாச்சு."

இன்னும் இரண்டு தடவை நின்றாள். ஆறு இருபத்தைந்துக்கு வாசலில் நுழைந்தபோது, தையல் பிரிவுப் பெண்கள் குளிரில் வெளியே வந்து நின்று கைதட்டினார்கள். பெய்னனும் ஜன்னலருகே நின்றிருந்தார்.

இட்வல் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான், கூடையைத் தட்டினான். "எத்தனை கியர்?"

"ஏழு."

"ம்." இருக்கையை அழுத்திப் பார்த்தான். பிறகு, "என் முட்டிக்கு இது ஒத்துக்குமாடி?" என்றான்.

"பெய்னனைப் போய்க் கேளு. சட்டம் தெரிஞ்ச ஆளு."

வேலை முடிந்ததும் அவள் யாருக்கும் காத்திருக்கவில்லை. நேரே சந்தைக்குப் போனாள். வினிகர் தெளித்த வேகவைத்த சிப்பி ஒரு கிண்ணம் வாங்கினாள், கடற்கரையில் வண்டியை நிறுத்தினாள், இருக்கையைவிட்டு இறங்காமலே ஒவ்வொன்றாகத் தின்றாள். மணி பார்க்கவே இல்லை.