கார்புரேட்டர்

கூறைச்சேலையின் கொய்யகத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு தாட்சாயினி படிகளில் இறங்கினாள். தெருவில் நின்ற பஸ் மறுபடியும் ஹோர்ன் அடித்தது. மேலே வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி, "அக்கா, நீங்கள் போகாதேங்கோ, ஆரும் போய்க் கூட்டிக்கொண்டு வருவினம்," என்றாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. விடிந்ததிலிருந்து ஆள்மாறி ஆள் போய்வந்துவிட்டார்கள். போனவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் கொண்டுவந்தார்கள். "அஞ்சு நிமிசமாம்."

தகப்பனை எரிக்கப் போகிற நாளில் மகன் காருக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறான். இதை யாரிடம் சொல்லி அழுவது?

கீழே பொன்னம்பலம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். செத்துப்போன அவள் கணவன் வாமதேவனுக்கு மூத்தவர். அவருடைய முகம் சிவந்திருந்தது.

"பிள்ளை, பன்னிரண்டு மணிக்கு மண்டபத்திலை பெட்டியை மூடிப்போடுவாங்கள். தமிழன் சுணங்கி வருவான் எண்டு வெள்ளைக்காரன் பாத்துக்கொண்டு நிக்கமாட்டான். கிரியை செய்யவேண்டியவன் இஞ்சை நட்டுக் கழட்டுறான்."

"நான் கூட்டிக்கொண்டு வாறன் அத்தான்."

"உவனுக்கு உவ்வளவு செல்லம் குடுத்தது ஆர்?"

தாட்சாயினி முற்றத்தைக் கடந்தாள். நாற்புறமும் மாடிகள் சூழ்ந்த அந்த முற்றத்தின் கோடியில்தான் கிடங்கு இருந்தது. லா சப்பல் கடைத்தெருவில் வாமதேவன் நடத்திய பலசரக்குக் கடைக்கென்று எடுத்த கிடங்கு. அரிசி மூட்டையும் தேங்காயெண்ணெய்ப் பெட்டியும் இருக்கவேண்டிய அந்த இடத்தில் பதினொரு வருடமாக ஒரு கார் இருந்தது. அரிசி மூட்டைகள் அவள் வீட்டு நடையில் இருந்தன. வீட்டுக்கு வருகிறவர்கள் அவற்றில் இடித்துக்கொண்டு, "என்ன அக்கா, கடையை மேலை கொண்டுவந்திட்டியளோ?" என்று கேட்பார்கள். சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள அவள் பழகியிருந்தாள்.

அறுபத்தேழாம் ஆண்டு மஸ்டாங். எட்டு சிலிண்டர். பூவே என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த காரை லொறியில் ஏற்றிவந்து இறக்கியபோது, மகன் யதுர்ஷனுக்குப் பதினைந்து வயது. அதுவரை தகப்பனிடம் பிரெஞ்சில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிக்கொண்டிருந்த பையன், காரைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு, "அப்பா, இது ஓடுமோ?" என்று தமிழில் கேட்டான். "நாங்கள் ஓட வைப்பம்," என்றார் வாமதேவன். அன்றோடு தாட்சாயினியின் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கல்யாணவீடு, கோயில் திருவிழா, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் அவள் தனியாகப் போனாள். "அவர் எங்கை?" என்று கேட்டால், "காருக்குக் கீழை," என்பாள்.

படித்து முடித்து, சன் டெனியில் வேலை கிடைத்து, கார்ஜ் என்ற புறநகரில் தனியாக வீடெடுத்துப் போன பிறகும் யது ஞாயிறு தவறாமல் ரயிலேறி வந்தான். தாயைப் பார்க்க அல்ல. வந்தவன் முற்றத்திலிருந்தே கிடங்குக்குள் போய்விடுவான். சாப்பாட்டுக்கு அவள் பல்கனியிலிருந்து கத்தவேண்டும்.

ஒருவழியாகப் போன மாதம் கார் உயிர் பெற்றது. இரண்டாம் மாடிக் கிழவி ஜன்னலை அடித்துச் சாத்துகிற அளவுக்கு உறுமியது. ஆனால் மிதியிலிருந்து காலை எடுத்ததும் நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினார்கள். மறுபடி நின்றது. பெற்றோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டரில் அழுக்கு அடைத்திருக்கிறது என்றார் வாமதேவன். இல்லை, டெல்கோதான் பிழை என்றான் மகன். தகப்பன் டிஸ்ரிபியூட்டர் என்கிற, தீப்பொறிக்கு மின்சாரம் பிரிக்கிற சாமானைத்தான் மகன் பிரெஞ்சில் டெல்கோ என்கிறான் என்பதைப் புரிந்துகொள்ளவே அவளுக்குப் பல வருடம் எடுத்திருந்தது. வாக்குவாதம் முற்றி அவர் ஸ்பானரைச் சுவரில் எறிந்தார். "உங்களுக்கு ஒண்டும் தெரியாது," என்று இவன் பிரெஞ்சில் கத்தினான். முற்றமே கேட்டது.

அதன் பிறகு இருவரும் பேசவில்லை. பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிறு ஒரே மேசையில் எதிரெதிரே இருந்துகொண்டு அவளைத் தூது விட்டார்கள்.

"கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவச் சொல்லு அவனை."

"அது டெல்கோ எண்டு சொல்லுங்கோ அப்பாட்டை."

"நான் என்ன போஸ்ட் ஒபிசே?" என்று சோற்றுச் சட்டியை மேசையில் குத்தி வைத்தாள் தாட்சாயினி. இரண்டு பேரும் தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள். ஒரே மாதிரி, வலப்பக்கம் சரிந்த தலை.

அந்த வாரமே செவ்வாய்க்கிழமை, கடைக்குப் போகும் வழியில் மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோப் படியில் வாமதேவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். அம்புலன்ஸ் வந்தபோது முடிந்திருந்தது.

அவள் நுழைந்தபோது கிடங்குக்குள் பெற்றோல் மணத்தது. யது காரின் முன்மூடியைத் திறந்து வைத்து உள்ளே குனிந்திருந்தான். நேற்றுப் போட்ட அதே சட்டை. முழங்கை வரை கறுப்பு.

"யது."

"அஞ்சு நிமிசம் அம்மா."

"உன்ரை அஞ்சு நிமிசத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு. அங்கை மனுசன் பெட்டியிலை கிடக்கிறார். இஞ்சை ஐம்பது சனம் பஸ்ஸுக்குள்ளை. பெரியப்பா என்னைத் தின்னுறார். நீ என்னடா செய்யிறாய்?"

"கார்புரேட்டரைக் கழுவிப் பூட்டியிட்டன்."

அவள் கொய்யகத்தை விட்டுவிட்டுக் காரருகே வந்தாள்.

"இரவு முழுக்க அதைத்தான் செய்தன். இப்ப பாக்கவேணும். ஒராள் உள்ளை இருந்து மிதிச்சால்தான் நான் இஞ்சை திருகலாம்." அவன் நிமிர்ந்தான். கண்கள் வீங்கியிருந்தன. "இதைப் பாக்காமல் நான் வரமாட்டன். பெரியப்பாவை வைச்சுக் கிரியை செய்யுங்கோ."

அடிக்கவேண்டும் போலிருந்தது அவளுக்கு. இவனை அல்ல, அவரை. செத்தும் இந்த இழவுபிடித்த சாமானை வீட்டுக்கு நடுவில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாரே. அவள் கதவைத் திறந்து சாரதி இருக்கையில் ஏறி இருந்தாள். பதினொரு வருடத்தில் முதல் தடவை.

"அம்மா, கூறை! எண்ணெய் பிரளும்!"

"பிரளட்டும். திறப்பு எங்கை?"

"அதிலைதான். திருப்பிக்கொண்டு வலக்காலாலை மெல்ல மிதியுங்கோ."

அவளுக்கு மெல்ல மிதிக்கத் தெரியவில்லை. கார் உறுமிய உறுமலில் கிடங்குச் சுவரில் தொங்கிய தகரம் அதிர்ந்தது. வாசலில் புகை திரண்டது. மேலே ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது. "கொஞ்சம் விடுங்கோ... இன்னும்... அப்பிடியே வைச்சிருங்கோ," என்று கத்திக்கொண்டு அவன் உள்ளே எதையோ திருகினான். அவள் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். கூறையின் சரிகை முழங்காலில் குத்தியது.

"இப்ப காலை எடுங்கோ."

"நிண்டிடும்."

"எடுங்கோ அம்மா."

அவள் எடுத்தாள். சத்தம் விழுந்தது. இரண்டு தரம் இருமியது. அவ்வளவுதான் என்று அவள் நினைத்தபோது அது தன்னைச் சரிப்படுத்திக்கொண்டது. தாழ்ந்த, ஒரே சீரான சத்தம். தூங்குகிறவரின் மூச்சுப் போல. கால் தரையில் இருந்தது. கார் ஓடிக்கொண்டிருந்தது.

திட்டுவதற்கென்று வந்த பொன்னம்பலம் வாசலோடு நின்றுவிட்டார்.

யது முன்மூடிக்கு அப்பால் நின்றபடி சொன்னான். "அப்பா சொன்னதுதான் சரி."

"இதை அந்தாள் இருக்கேக்கை சொல்லியிருக்கலாமே!" அவள் குரல் கிடங்கில் எதிரொலித்தது. "ஒரே ஒருக்கால் கழட்டிப் பாத்திருந்தால் என்ன குறைஞ்சு போயிருப்பாய்? அந்தாளும்தான், அவன் சொல்லுறதைக் கேட்டால் என்ன? ரெண்டும் ஒரே மாடு. நடுவிலை நான்!"

அவன் காரின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றித் தலையைக் குனிந்தான். தோள்கள் குலுங்கின. இயந்திரச் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை. அவள் திறப்பைத் திருப்பி நிறுத்தினாள். இறங்கிப் போய் அவன் சட்டைக் கொலரைப் பிடித்தாள்.

"வா. கையைக் கழுவு."

முற்றத்துக் குழாயடியில் எண்ணெய்க்கறை போகப் பாத்திரம் கழுவும் சோப்பும் சீனியும் போட்டுத் தேய்த்தாள். இருபத்தாறு வயது ஆண்மகன் குழந்தை மாதிரி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றான். நகக் கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. "போதும் பிள்ளை, நேரம்," என்றார் பொன்னம்பலம். குரலில் சூடு இல்லை. வேட்டியை அவரே கொண்டுவந்திருந்தார்.

மண்டபத்தை அடைந்தபோது பெட்டி மூடுகிற ஆட்கள் கறுப்புக் கோட்டோடு சுவரோரம் நின்றார்கள். குருக்கள் வேகமாகச் சொன்னார். யது வேகமாகச் செய்தான். வாய்க்கரிசி போட்டார்கள். தாலியைக் கழற்றி நெஞ்சில் வைக்கவேண்டிய நேரம் வந்தது. பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கினார்கள். தாட்சாயினி குனிந்தாள். பவுடர் போட்டு, தலையை நடுவாக வாரிவிட்டிருந்தார்கள். அவருக்குப் பிடிக்காத வாரல். அவள் தலைமயிரை விரலால் வலப்பக்கம் ஒதுக்கிவிட்டாள். பிறகு காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"இஞ்சருங்கோ. கார்புரேட்டர்தானாம்."

அவள் என்ன சொன்னாள் என்று யாருக்கும் கேட்கவில்லை. மந்திரம் சொல்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். கறுப்புக் கோட்டுக்காரர் மூடியைத் தூக்கினார்.

எல்லாம் முடிந்து பஸ் திரும்பும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. பின்னிருக்கையில் யாரோ கொத்துரொட்டிக்கடை எது திறந்திருக்கும் என்று கேட்டார்கள். யது அவள் பக்கத்தில் ஜன்னலோரம் இருந்தான். வேட்டிக்கு மேல் கோட். போர்த் து லா சப்பல் வருவதற்கு முன்னமே தூங்கிவிட்டான். ஒவ்வொரு பிரேக்குக்கும் அவன் தலை கண்ணாடியில் இடித்தது. விழிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

தாட்சாயினி முன்னிருக்கைக்கு எட்டிச் சாரதியிடம், "துஸ்மோ, மிசியோ," என்று மெதுவாக ஓட்டச் சொன்னாள். சாரதி கண்ணாடியில் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

பிறகு அவள் தன் உள்ளங்கையை ஜன்னலுக்கும் மகனின் தலைக்கும் இடையில் கொடுத்தாள். மேம்பாலத்தின் கீழே பஸ் நின்றது. மேலே மெட்ரோ ஒன்று தடதடத்துப் போனது. கண்ணாடி குளிர்ந்தது. அவள் கையை எடுக்கவில்லை.