சூரியகாந்திக்குள் இறங்கிய விமானம்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு போஷ்கோ, கட்டுப் போட்ட தோளோடு என் சமையலறையில் ரக்கியா என்ற பழச் சாராயம் குடித்தபடி சொன்னது. வயல்களுக்கு மருந்து தெளிக்கும் சின்ன விமானத்தை ஓட்டுகிறவன். சொல்லி முடித்ததும் ஒரு வாக்குக் கேட்டான். அது என்னவென்று பிறகு சொல்கிறேன். இப்போதே சொன்னால் அவன் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.

தொடக்கம், முதல் முயற்சி: ‘திஸா ஆற்றின் மேல் அன்று வானம்...’

வேண்டாம். அவன் வானத்தைப் பார்க்கவே இல்லை.

இரண்டாம் முயற்சி: இயந்திரம் இருமியது, நின்றது.

2

அடுத்த ஊருக்குத் தெளிக்கப் போகிற வழி. தொட்டி நிறைய மருந்து. பறப்பதோ மரங்களுக்குச் சற்று மேலே. இயந்திரம் நின்றால் முதலில் தொட்டியைத் திறந்து கொட்ட வேண்டும். கனம் குறைந்த பிறகுதான் இறங்குவது. இது அவர்கள் தொழிலின் முதல் பாடம்.

நேர் எதிரே, எங்கள் ஊரில் தேனீ வளர்க்கும் தெசாங்காவின் அறுத்த கோதுமை வயல். சமமான தரை. அதன் கோடியில் அவளுடைய தேனீப் பெட்டிகள், திறந்தபடி.* மருந்தைக் கொட்டினால் பெட்டிகள் மேல் விழும். கொட்டாமல் இறங்கினால் கனத்தில் விமானம் நிற்காமல் ஓடிப் பெட்டிகளை நொறுக்கும்.

இடப்பக்கம் ஆளுயரச் சூரியகாந்தி. அதில் இறங்கினால் விமானம் குப்புறக் கவிழும் என்பது போஷ்கோவுக்குத் தெரியும்.

இடப்பக்கம் திரும்பினான். கவிழ்ந்தது. தொட்டி உடையாமல் இருந்தது அதிர்ஷ்டம்.

(* எங்கள் ஊரில் மருந்து தெளிப்பதை முந்தின நாளே சொல்லிவிடுவார்கள், தேனீக்காரர்கள் பெட்டிகளை மூடிவைப்பார்கள். அன்று அந்த வயலுக்குத் தெளிப்பு இல்லை, யாரும் சொல்லவில்லை. இரண்டு கோடைக்கு முன் போஷ்கோ சொல்ல மறந்து தெளித்துவிட்டான். தெசாங்காவின் தேனீக்கள் பாதிக்கு மேல் செத்தன. அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை.)

3

“எழுதறதுன்னா எழுதிக்கோ அக்கா. தெசாங்காகிட்ட மட்டும் சொல்லிடாத. சத்தியம் பண்ணு.”

“ஏண்டா?”

“சொன்னா கணக்குத் தீத்த மாதிரி ஆயிடும். செத்ததெல்லாம் திரும்பி வருமா?”

“கண்ணு தெரியாம இறங்கிட்டான்னு ஊரே சிரிக்குது. இனிமே பறக்க விடமாட்டாங்க.”

“போகட்டும். தக்காளி போடறேன்.”

“நீ போட்ட தக்காளி என்னிக்குடா பழுத்துச்சு?”

சிரித்தான். தோள் வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டான். சத்தியம் பண்ணிவிட்டேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாற்றி என்ன பயன், இந்த ஊரில் விமானம் ஓட்டுகிறவன் அவன் ஒருவன்தான்.

4

இந்த இடத்தில் பாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம். ஒரு மீன் பிடித்தால் ஊர் முழுக்கத் தம்பட்டம் அடிக்கிறவன், இதை மட்டும் எப்படி மறைப்பான்? நம்பும்படி எழுத வரவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

முடிவு ஒன்று: தெசாங்கா தானே புரிந்துகொண்டு ஒரு ஜாடித் தேனோடு அவன் வீட்டுக்கு... அடித்துவிட்டேன். தெசாங்காவை எனக்குத் தெரியும்.

முடிவு இரண்டு: விபத்து விசாரணையில் போஷ்கோ மனம் மாறி... இதுவும் இல்லை. போஷ்கோவையும் தெரியும்.

5

மூன்றாவது முடிவை எழுத உட்கார்ந்தபோது கதவைத் தட்டாமல் தெசாங்கா உள்ளே வந்தாள். காகிதங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காபிக்குத் தண்ணீர் வைத்தேன்.

“நாளைக்கு விசாரணைக்கு என்னையும் வரச் சொல்லியிருக்காங்க அக்கா. நேர்ல பாத்தவ நான் ஒருத்திதானே.”

“என்ன சொல்லப் போற?”

“என் வயல் மேசை மாதிரி கிடந்துச்சு. அதை விட்டுட்டு அந்த மடையன் எதுக்குச் சூரியகாந்திக்குள்ள போனான்? குடிச்சிருப்பான்னு பேசிக்கறாங்க. நானும் அப்படித்தான் தோணுதுன்னு சொல்லிடவா?”

கொதிக்கிற தண்ணீரில் காபித் தூளைப் போட்டேன்.

“உன்கிட்ட ஏதாவது சொன்னானா?”

காபி பொங்கி அடுப்பில் வழிந்தது. துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். எவ்வளவு நேரம்தான் ஒரு அடுப்பைத் துடைக்க முடியும்?

நான் சத்தியம் பண்ணியிருக்கிறேன். நீங்கள் பண்ணவில்லை. அவள் இன்னும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.