கடைசிச் சீட்டு

டென்மார்க்கின் சில்க்போர்க்கில் சூசைதாசனுக்குப் பெடியள் வைத்த பட்டம் ‘கடைசிச் சீட்டு’. இருபது பேர் மாதம் ஆளுக்கு ஆயிரம் குரோனர் போட்ட சீட்டு அது. அவசரக்காரன் அதிகக் கழிவு கேட்டு, குறைந்த காசோடு முதலில் எடுப்பான்; அந்தக் கழிவை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். கடைசிவரை பொறுத்தவனுக்கு முழுசாக இருபதாயிரம். சூசைதாசன் வாயே திறக்கமாட்டான். யாரோ கழித்துவிட்ட கோட்டோடு இறைச்சித் தொழிற்சாலைக்குப் போய்வந்தான். மனைவி யசிந்தாவையும் மகள் கிளோறியாவையும் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பம் ஒரு வருடமாக அசையவில்லை. அதற்கும் பொறுத்தான். பாவி, பொறுமைக்கு எல்லா இடத்திலும் வட்டி உண்டு என்று நம்பிவிட்டான்.

கார்த்திகையில் யசிந்தா கொழும்பு லொட்ஜிலிருந்து போன் எடுத்தாள்.

“இஞ்ச ஒவ்வொரு நாளும் பொலிஸ் செக்கிங். இனி விசாவைப் பாத்துக்கொண்டிருக்கேலாது. ஏஜென்சிக்காரன் செவ்வாய்க்கிழமை ஆக்களைக் களவா அங்க ஏத்துறானாம். தலைக்குப் பத்தாயிரம் குரோனர்.”

ஞாயிற்றுக்கிழமை சீட்டு. எடுக்காமல் மிஞ்சியது அவனும் அந்தோனிமுத்துவும்தான்.

“கழிவில்லாமல் எனக்குத் தாங்கோ,” என்றான் சூசைதாசன்.

“ஆயிரம் கழிவு,” என்றான் அந்தோனிமுத்து. அவன் மனைவியும் அதே லொட்ஜில்தான் இருந்தாள்.

சூசைதாசன் கணக்குப் பார்த்தான். ரெண்டாயிரத்தைக் கடன்பட்டுச் சமாளிக்கலாம். “ரெண்டு,” என்றான். மற்றவன் விடவில்லை. நாலு, ஆறு, எட்டு என்று ஏறியது. விட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். “பத்து!” என்று கத்தினான். அந்தோனிமுத்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அதற்குமேல் கழித்தால் அவன் மனைவி ஒருத்திக்கே காணாது.

சீட்டுப் பிடிக்கிற கிறிஸ்துநாயகம் எழும்பினார். “கழிவுக்காசு எங்கள் ஒருதருக்கும் வேண்டாம். அது அந்தோனிக்குப் போகட்டும். ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு ஆள். ஞாயம்தானே?”

எல்லோரும் ஓம் என்றார்கள். கடனில் கிடந்தவர்கள், அதற்குமேல் அவர்களிடம் ஒன்றுமில்லை. சூசைதாசனும் ஓம் என்றான். அந்த ஞாயத்தை அவன் வெறுத்தான்.

“மற்றாளை அடுத்த மாசம் கடைசிச் சீட்டில பாப்பம். கொஞ்சம் பொறு,” என்று முதுகில் தட்டினார்கள்.

அன்றைக்கே லொட்ஜுக்குப் போன் எடுத்தான். “காசு ஓராளுக்குத்தான் காணும், யசிந்தா.”

அவள் அழவில்லை. “அந்தோனியண்ணையின்ர மனுசியோட கிளோறியாவை அனுப்புறன். பிள்ளைக்குக் குளிருக்குக் கோட்டு வாங்கி வையுங்கோ.”

“நீர்?”

“நான் பொறுக்கிறன்,” என்றாள். “பொறுத்தா முழுசாக் கிடைக்குமெண்டு நீங்கள்தானே சொல்லுறனீங்கள்.”