மூன்று வினாடிச் சட்டம்

1

இந்தக் கதை, ஒருவருக்கு நான் இரண்டே வினாடியில் சொன்ன பதிலிலிருந்து வந்தது. என்ன பதில் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் இந்த ஆளோடு விளையாட வரமாட்டீர்கள்.

முதல் தொடக்கம்: 'இரவெல்லாம் ஏச்சு வாங்கிய காதுகளுக்கு விடியல் ஒரு புல்லாங்குழலாக...'

அடித்துவிட்டேன். எங்களுக்கு எந்த விடியலும் அப்படி வாய்த்ததில்லை.

இரண்டாவது: துணி துவைக்கும் மெஷின் பழுதானவர்கள் கூப்பிட்டுத் திட்டும் எண்ணில் பதில் சொல்வது அவன் வேலை. இது போதும்.

2

அங்கே ஒரு சட்டம் உண்டு. எதிர்முனை புகாரைச் சொல்லி முடித்த மூன்று வினாடிக்குள் வருத்தம் தெரிவித்தாக வேண்டும். தாமதித்தால் திரையில் சிவப்புப் பொட்டு விழும். அவன் முறையாக வருந்திவிட்டு, மைக்கை அடைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு கத்துவான். அதனால் அவனுக்கு 'மியூட்' என்று பெயர்.

சுவரில், மறுக்கப்பட்ட விடுப்புகளின் பட்டியலுக்குக் கீழே ஒரு தாள்: 'சக ஊழியர்களுடன் வெளியே பழகுங்கள். மன அழுத்தம் குறையும்.' இதைக் கிண்டல் செய்யத்தான் எழுத உட்கார்ந்தேன். சிக்கல் என்னவென்றால், உண்மையிலேயே குறைந்தது. சனிக்கிழமைதோறும் இரவு வேலை முடிந்து காலை ஏழு மணிக்கு நாலு பேர் இறகுப்பந்து ஆடப் போனார்கள். ஆபீஸ் பேச்சை எடுத்தவர் வேலிக்கு அப்பால் விழும் பந்துகளைப் பொறுக்க வேண்டும்.* அன்று மட்டும் மியூட் ஆறு மணி நேரம் தூங்கினான்.

*அதிகம் பொறுக்கியவர் குழுத் தலைவர். பாவம், அவருக்கு வேறு பேச்சே தெரியாது.

3

ஒரு சனிக்கிழமை ஆட்டத்துக்கு முந்தைய நாள், மியூட் யாரிடமும் சொல்லாமல் மேலிடத்துக்கு ராஜினாமாக் கடிதம் அனுப்பியிருந்தான். மற்றவர்களுக்குத் திங்கட்கிழமை தெரிந்துவிடும். அதற்குள் தன் வாயால் சொல்லிவிட வேண்டும் என்று வந்திருந்தான்.

தலைவர் அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது.

"உள்ளதான்," என்றார்.

"கோட்டத் தூக்கிட்டு வந்து பந்துக்கு அடியில போடுங்க சார், அப்ப உள்ள," என்றார் அக்கா. குழுவில் மூத்தவர். சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தார். மியூட் தண்ணீர் குடிக்கப் பக்கத்தில் வந்தான்.

"நேத்து என் வீட்டுக்காரர் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டாருடா. இனிமே வரமாட்டாராம்."

அவன் வாய் முந்திக்கொண்டது.

"தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம். தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது."

(இது கற்பனை இல்லை. கற்பனையாக இருந்தால் அவனை இன்னும் கொஞ்சம் நல்லவனாகச் செய்திருப்பேன்.)

அக்கா நிமிர்ந்து பார்த்தார். மூன்று. நான்கு. ஐந்து.

"புகார் நம்பர் குடுங்க," என்றார்.

"அய்யோ அக்கா, சத்தியமா நான்..."

"ஆள் எப்ப வருவாங்க? வாங்கிப் பதினாறு வருஷந்தான் ஆச்சு. வாரண்டி இருக்கும்ல?"

இருவரும் சிரித்தார்கள். அக்கா கொஞ்சம் அதிகமாகச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஆபீஸ் பேச்சு! போய்ப் பொறுக்குடா!" என்று கத்தினார் தலைவர். எத்தனை வாரமாகக் காத்திருந்தாரோ.

மியூட் வேலிக்கு அப்பால் போய்ப் பந்தோடு திரும்பினான். அக்கா கேட்டார்: "இந்த ஒரு நாள்தான்டா நான் மனுஷியா இருக்கேன். அடுத்த வாரம் வருவல்ல?"

4

முடிவு அ: கடிதத்தைப் பற்றிச் சொல்கிறான். அக்கா அவன் தலையைத் தடவி... இல்லை, அக்கா அப்படிப்பட்ட ஆள் இல்லை.

முடிவு ஆ: கடிதத்தைத் திரும்பப் பெறுகிறான். இது சுவரில் ஒட்டிய தாளுக்குத்தான் பிடிக்கும்.

நடந்தது: "வருவேங்க்கா" என்றேன். இரண்டு வினாடி. பொட்டு விழாது. போகவில்லை. வேலையை விட்டவன் எந்த உரிமையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா நாலு சனிக்கிழமை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை.

அதனால் முடிவை எழுதுவதாக இல்லை. அக்கா நாடாவைக் கட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார். மியூட் பந்தைப் பிடித்தபடி நிற்கிறான். இந்த முறை அவனுக்கு மூன்று வினாடிச் சட்டம் கிடையாது. யோசிக்கட்டும். அவன் வாயைத் திறக்கும் வரை நீங்களும் கொஞ்சம் இருங்கள், போனை வைத்துவிடாதீர்கள்.