கறுப்புப் பாறைக்குக் கேட்ட விளக்கு

எல்கானா பிரவுட்டியிடம் பதினொரு ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன். மெய்ன் கடற்கரையில், எங்கள் ஊரில், அவருக்கு ஆறு கப்பல்கள் இருந்தன. மாலுமியாகத் தொடங்கி முதலாளி ஆனவர். 1853 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினராக வாஷிங்டனுக்குப் போனபோது என்னையும் அழைத்துச் சென்றார்.

புறப்படும் நாளில் துறைமேடையில் அவரை மறித்தவர் கேப்டன் ஜோசையா வேட்லி. இருவரும் ஒரே கப்பலில் தளம் கழுவி வளர்ந்தவர்கள். பிரவுட்டியை 'நீ' என்று பேச ஊரில் வேறு யாருக்கும் துணிச்சல் கிடையாது.

"எல்கானா, பட்டு மெத்தையில உக்காந்ததும் எங்கள மறந்துடாத. கறுப்புப் பாறைக்கு ஒரு கலங்கரை விளக்கு வாங்கிக் குடு. மூடுபனியில அதை மோந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கு."

"உன் மூக்கு இருக்கிற நீளத்துக்கு விளக்கு எதுக்குடா?" என்று பிரவுட்டி சிரித்தார். "வாங்கிட்டு வரேன், போதுமா?"

மனதாரத்தான் சொன்னார். கலங்கரை விளக்குகளுக்கான மசோதாவில் பாறையின் பெயரைச் சேர்க்கவும் செய்தார். ஆனால் வசந்தத்தில் தெற்கத்திய உறுப்பினர் ஒருவர் அவரை விருந்துக்கு அழைத்தார். சிப்பி சாப்பிட்டபடியே பேரம் முடிந்தது. பாறையை விட்டுக்கொடுத்தால் எங்கள் துறைமுகத்தை ஆழப்படுத்த அவர்கள் வாக்களிப்பார்கள். ஆழமானால் பிரவுட்டியின் புதிய பெரிய கப்பல் நேராக அவர் துறைமேடைக்கே வந்துவிடும்.

"பாறை எங்கயும் ஓடிடாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு ஜோசையாவுக்கு எழுதிடுங்க" என்றார். எழுதி அனுப்பினேன்.

நவம்பரில் நாங்கள் ஊரில் இருந்தபோது, வேட்லியின் கப்பல் மூடுபனியில் அந்தப் பாறைமேல் மோதி உடைந்தது. அவரும் மாலுமிகள் ஏழு பேரும் இறந்தார்கள்.

நான்காம் நாள் பிரவுட்டி வேட்லியின் மனைவி லவினாவைப் பார்க்கப் போனார். நானும் உடன் இருந்தேன். அந்த அம்மாள் கொட்டகையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த விளக்க நான்தான் வித்துட்டேன், லவினா" என்றார் பிரவுட்டி.

"தெரியும். உங்க கடுதாசி வந்தப்போ நான்தான் திட்டினேன். அவரு திட்டல. 'எல்கானாவுக்கு அங்க ஏதோ சிக்கல், இல்லேன்னா செஞ்சிருப்பான்'னாரு. கடைசி வரைக்கும் உங்கள நம்பினாரு. அதத்தான் என்னால தாங்க முடியல."

பிரவுட்டி குனிந்து ஒரு கட்டையை எடுத்தார்.

"வெச்சிடுங்க" என்றார் லவினா. "என் விறக நானே அடுக்கிக்கிறேன்."

அந்தக் குளிர்காலக் கூட்டத்திலேயே பிரவுட்டி துறைமுகத்தை ஆழப்படுத்தும் திட்டத்தைக் கைவிட்டு, விளக்குக்கான மசோதாவை நிறைவேற்றினார். அப்புறம் தேர்தலில் நிற்கவே இல்லை. கட்சிக்காரர்கள் வீடு தேடி வந்து கெஞ்சியும் மசியவில்லை. பாறையில் விளக்கு எரியத் தொடங்கிய நாளில் ஊரே படகேறிப் போனது. அவர் போகவில்லை.

ஞாயிறுதோறும் தேவாலய வாசலில் லவினாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றுவார். அந்த அம்மாள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துவிடுவார். எப்போதாவது லேசாகத் தலையசைப்பார். அப்படித் தலையசைத்த நாள்களில்தான் பிரவுட்டி மதியச் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்துபோவார்.