பத்தாம் நாள் வந்தவர்கள்

எங்கள் குடும்பத்தில் நோயை வெளியே சொல்லும் வழக்கம் இல்லை. என் தகப்பனார் ஒரு கண் தெரியாமலே பத்து வருஷம் ஆபீஸ் போனார், ஒருவருக்கும் தெரியாது. ஆகவே என் மகள் ஹம்சாவுக்கு லூபஸ் என்று டாக்டர் சொன்னபோது, அந்தச் செய்தியை டெல்லி கிட்வாய் நகர் வீட்டு வாசலைத் தாண்ட விடவில்லை. அவள் தம்பி அர்விந்துக்கு லோதி ரோடில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம்.

மூட்டு மூட்டாகப் பிடிக்கிற நோய். வேலையை விட்டாள், பிறகு பேச்சையும் விட்டாள். மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "நான் எழுந்திருக்கலைன்னா என்னப்பா ஆயிடும்?" என்று ஒரு நாள் கேட்டாள்.

ஒரு விடியற்காலை அவளாகவே எழுந்து வாசலில் மாக்கோலம் போட்டாள். புள்ளி வைத்த கோலம் அல்ல. வலிக்கிற மூட்டுக்கு ஒரு சுழி. வலி ஓடுகிற வழிக்கு ஒரு கோடு. தினம் ஒரு மாதிரி. கோலம் போட்ட நாட்களில் சாப்பிட்டாள், அம்மாவோடு சண்டைகூடப் போட்டாள். ஆனால் லிப்டுக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். "என்ன மாமா, உங்காத்து வாசல்ல பாம்பு மாநாடா?" என்று பக்கத்து வீட்டுப் பட்டாபி சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

டிசம்பரில் நோய் முற்றி ஆம்புலன்ஸ் வந்தது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து அவளைச் சால்வையால் மூடி, யார் கண்ணிலும் படாமல் வீடு சேர்த்தேன். "இனிமே வாசல்ல உக்கார வேண்டாம்" என்றேன். "சரிப்பா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் வந்த பத்தாம் நாள் சாயங்காலம், பட்டாபியும் அவர் மனைவி ரோஹிணியும் சொல்லாமல் வந்தார்கள். உட்கார்ந்தார்கள். பேசவில்லை. என் மனைவி வத்சலா காபி கொண்டுவந்தாள்.

"வேண்டாம் மாமி" என்றாள் ரோஹிணி. "அதெல்லாம் இன்னொரு நாள்."

பட்டாபி என் தாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி அலைச்சலில் சவரம் செய்யவில்லை.

"நம்ம கையில என்ன இருக்கு? மனசைத் தேத்திக்கோங்கோ" என்றார்.

நோய் வெளியே தெரிந்துவிட்டதென்று நினைத்தேன். கேட்க எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் எழுந்து, "வரோம்" என்றுகூடச் சொல்லாமல் போனார்கள். பின்னாலேயே மேல்மாடியிலிருந்து இரண்டு குடும்பங்கள். அதே மௌனம். அவர்களும் விடைபெறாமலே போனார்கள்.

பால்கனிக்கு வந்தேன். பக்கத்துப் பால்கனியில் ரோஹிணி ஈரத் தலையோடு நின்றிருந்தாள். சற்றுமுன் கட்டியிருந்த புடவை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. டெல்லிக் குளிரில், சாயங்காலம் ஐந்து மணிக்குத் தலைக்குக் குளித்திருக்கிறாள். மேல்மாடியிலும் வாளிவாளியாகத் தண்ணீர் விழும் சத்தம்.

சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்களின் குளியல்.

ஆம்புலன்ஸ். பத்து நாளாகக் கோலமில்லாத வாசல். என் தாடி. எங்கள் குடும்பம் எதையும் சொல்லாது என்பது அவர்களுக்குத் தெரியும்; ஹம்சாவின் சாவையும் சொல்லவில்லை என்று நினைத்துவிட்டார்கள்.

உள்ளே ஓடினேன். ஹம்சா திரும்பாமலே கேட்டாள்:

"எல்லாரும் குளிச்சாச்சாப்பா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"இந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் அவா பாத்ரூம். கேக்கறதே. அவா ஒண்ணும் தப்பா நினைக்கலை. எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றாள்.

அவள் கையைத் தொட்டேன். ஜில்லென்றிருந்தது. மூச்சு ஓடுகிறதா என்று நானே உற்றுப் பார்த்தேன்.

"வத்சலா, மாவு கரைச்சுண்டு வா."

"இப்பவா? அர்விந்த் சம்பந்தம்..."

"கொண்டு வா."

கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்துவந்து உட்கார வைத்தேன். வெறும் தரையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலை மாவில் நனைத்தாள். முதல் கோடு நடுங்கியது, இரண்டாவது நடுங்கவில்லை.

பக்கத்துக் கதவு திறந்தது. ரோஹிணி. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். பின்னால் பட்டாபி. மாடிப்படியிலும் இரண்டு முகங்கள்.

ஆபீஸில் உத்தரவு வாசிக்கும் குரலில் சொன்னேன்: "என் பொண்ணு ஹம்சா. லூபஸ்னு ஒரு வியாதி. ரெண்டு வருஷமா இருக்கு. இனிமேயும் இருக்கும்."

தலையைக் குனியாமல்தான் சொன்னேன்.  ரோஹிணி மட்டும் தொட்டுப் பார்க்கிறவள் போலக் கையை நீட்டிக்கொண்டு ஓரடி வைத்தாள்.

ஹம்சா தலை நிமிராமல் சொன்னாள்:

"மாமி, மிதிச்சுடாதேங்கோ. இன்னும் காயலை."