செரிக்கும்வரை கடல் இல்லை

தவோர்மினா என்ற தீவுக்கரை ஊரில் தங்க இரண்டே இடங்கள்தான். மலை உச்சியில் ஊர், மலையடியில் கடல். முப்பத்தோரு வருடம் கல்தனிசெத்தா தபால் நிலையத்தில் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற காஸ்பரேவுக்குக் கீழே தங்க ஆசை. கடல் கண்ணிலேயே படாத ஊரில் பிறந்த மனிதர். ஒருமுறையாவது கழுத்தளவு உப்புத் தண்ணீரில் நிற்க வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவர் மனைவி நின்ஃபா.

"கீழ தங்கினா நம்மள யாரு பாப்பா, மீனா? சாயங்காலம் ஊரே கடைத்தெருவுல உலாத்தும்போது நாம ஓட்டல் வாசப்படியில இறங்கி வரணும். நம்மூர் மருந்துக்கடைக்காரர் பொண்டாட்டி போன வருஷம் இங்க கடல் தெரியற பால்கனி எடுத்தா. நமக்கு அதவிடப் பெரிசு."

"என் கடல்?"

"ரோப் கார் இருக்கு மனுஷா. நிமிஷத்துல கீழ போயிடலாம். தினமும் போ, யாரு வேண்டாங்கறா?"

காஸ்பரே நம்பினார். அவர் நம்பிக் கெட்டது இது முதல் தடவையல்ல.

சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகாமல் தண்ணீரில் இறங்கினால் செரிமானம் நின்றுபோய் ஆள் கல்லாக மூழ்கிவிடுவான் என்பது அந்தத் தீவில் எல்லோரும் தாய்ப்பாலோடு குடித்த சேதி. காஸ்பரேவும் குடித்திருந்தார், அதுதான் அவருடைய கெட்ட காலம். ஒன்பதரைக்குப் பாதாம் கிரானிதா என்கிற ஐஸ் கூழும் பன்னும். அது செரிக்கப் பன்னிரண்டரை. ஒரு மணிக்கு மதியச் சாப்பாடு, அதில் கத்திரிக்காய் வேறு. எழுந்திருக்க இரண்டரை, செரிக்க ஐந்தரை. ஆறு மணிக்குக் கடைத்தெரு உலா, அதற்கு நின்ஃபாவின் முதுகு ஜிப்பை யார் இழுத்துவிடுவது?

இப்படியே ஐந்து நாள் போனது. பெரிய பால்கனியில் நின்று, கீழே மார்பளவு தண்ணீரில் மிதக்கும் கண்டவன் தலையை எல்லாம் எண்ணிக்கொண்டிருந்தார். வயிறு எரிந்தது.

ஆறாம் நாள்தான் கடைசி நாள். காலையில் பேன்ட்டுக்குள் நீச்சல் உடையைப் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தார். கிண்ணத்தைத் தள்ளிவைத்தார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

பக்கத்து மேசைகளில் கரண்டிகள் நின்றன. நின்ஃபா அவர் நெற்றியைத் தொட்டாள். ஓட்டல்கார அம்மாள் ஓடிவந்து அவர் நாக்கை நீட்டச் சொன்னாள். சாப்பிடாத மனிதனை அவர்கள் சவப்பெட்டியில்தான் பார்த்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தில் டாக்டர் வந்தார்.

"எனக்கு ஒரு நோவும் இல்ல டாக்டர். கடல்ல குளிக்கணும், அவ்வளவுதான்."

"வெறும் வயித்துலயா?" டாக்டரின் முகம் கறுத்தது. "எத்தன நாளா இந்த மாதிரி பேசறார்?"

"இன்னிக்குத்தான் டாக்டர். நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தார்," என்று நின்ஃபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை நிஜம்தான். அதுதான் காஸ்பரேவுக்கு அதிகம் எரிச்சலூட்டியது.

படுக்கை, உப்பில்லாத வெள்ளைச் சோறு, காற்று படாமல் இருக்க ஜன்னல் கதவு அடைப்பு. மருந்துக்கடைக்காரர் பொண்டாட்டியை ஜெயித்த பால்கனி அன்று முழுக்கச் சாத்திக் கிடந்தது.

மறுநாள் ஊருக்குத் திரும்பும் ரயில் கடலை ஒட்டியே ஓடியது. காஸ்பரே ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். நின்ஃபா ஏற்கெனவே அடுத்த வருடத்தில் இருந்தாள்.

"கஸ்தெல்மோலாவுல எடுப்போம். அது இன்னும் ஒசரம். அங்கிருந்து பாத்தா தவோர்மினாவே காலடியில கெடக்கும்."

"நீ மேல தங்கு நின்ஃபா. நான் கீழ தங்கறேன். அங்கருந்து கையாட்டறேன்."

நின்ஃபா அவர் கையை உள்ளே இழுத்து, ஜன்னலை மூடி, நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் இன்னும் விடலீங்க," என்றாள் எதிரே இருந்த அம்மாளிடம்.

அந்த அம்மாள் காஸ்பரேவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கடலே கதின்னு கெடந்திருப்பாரு. இந்த ஆம்பளைங்களுக்கு எதுலதான் அளவு தெரியுது?"